கிரீஸ் கைக்கு ஒரு பட்டன் போன்

நான் சப்மெர்சிபிள் மோட்டார் மெக்கானிக். பல்லடம் சுற்றுவட்டாரத்தில் போர்வெல் மோட்டாரை மேலே தூக்குவது, காயில் கட்டுவது, திரும்ப இறக்குவது, பேனல் போர்டு பார்ப்பது, இதுதான் பிழைப்பு. என் கையைப் பார்த்தாலே என்ன வேலை என்று தெரிந்துவிடும். விரல் இடுக்கில் கிரீஸ், நகத்துக்குள் வார்னிஷ். இந்தக் கையோடு ஆறு வருசம் டச் போன் வைத்திருந்தேன். அதற்குள் மூன்று டிஸ்ப்ளே மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் போன அன்றைக்குத்தான் பட்டன் போனுக்குத் திரும்பினேன்.

அன்றைக்கு ஒரு தோட்டத்தில் மோட்டார் தூக்கிக்கொண்டிருந்தோம். பாதிப் பைப் மேலே வந்துவிட்டது. கிளாம்ப் மாட்டக் குனிந்தபோது சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது, அடித்த வேகத்திலேயே நழுவி, போர் வாயில் நிற்கும் கேசிங் பைப் விளிம்பில் பட்டு வெளிப்பக்கமாக விழுந்தது. கண்ணாடி நொறுங்கிவிட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. உள்பக்கமாக விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில்தான் கை நடுங்கியது. ஆறரை இஞ்ச் போரில் மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி ஒரு போன் கச்சிதமாகச் சிக்கிக்கொள்ளும் அளவுதான். அப்படிச் சிக்கினால் மோட்டார் மேலேயும் வராது, கீழேயும் போகாது. தோட்டக்காரரிடம் என்னவென்று சொல்வது? "என் போன் உங்க போருக்குள்ள இருக்குதுங்க" என்றா?

டிஸ்ப்ளே மாற்ற 2,800 ரூபாய் கேட்டார்கள். அந்தக் காசுக்கு இரண்டு பட்டன் போன் வாங்கலாமே என்று தோன்றியது. கடைசியில் நிஜமாகவே இரண்டு வாங்கும்படி ஆனது. முதலாவது என் அவசரத்தால் வந்த செலவு.

பட்டன் போன் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 950 ரூபாய்க்குக் கிடைத்ததை வாங்கிவந்தேன். பழைய போனில் இருந்த சிம்மைக் கழற்றிப் போட்டால் சிக்னல் கோடே வரவில்லை. சிம்மைத் துடைத்துப் போட்டேன், இரண்டாவது ஓட்டையில் மாற்றிப் போட்டேன், ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் படித்தேன். 2ஜி, 900, 1800 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. என் சிம் ஜியோ. 2016-இல் வந்தபோதே 4ஜி மட்டும் என்று வந்த நெட்வொர்க் அது. அதில் 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. பேச்சே 4ஜி வழியாகத்தான் போகும், அதைத்தான் வோல்ட்இ என்கிறார்கள். 2ஜி போனில் அந்தச் சிம்மைப் போடுவது சிங்கிள் பேஸ் லைனில் த்ரீ பேஸ் மோட்டாரை மாட்டுவது போல. மோட்டார் மேலும் குற்றமில்லை, லைன் மேலும் குற்றமில்லை.

யாராவது என்னிடம் பட்டன் போன் வாங்கலாமா என்று கேட்டால் இப்போதெல்லாம் முதலில் அவர்கள் சிம் என்ன என்றுதான் கேட்கிறேன். விலை, கேமரா, மெமரி எல்லாம் அப்புறம். ஜியோ என்றால் 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். ஏர்டெல் மாதிரி 2ஜியும் ஓடுகிற சிம் என்றால் 2ஜி போனிலும் பேசலாம். ஆனால் இன்றைக்கு 2ஜி போனில் காசு போடுவது எத்தனை நாளைக்கு என்பது வேறு கேள்வி. பெட்டியில் 4ஜி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, வோல்ட்இ என்றும் எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் சிம்மைக் கடையிலேயே போட்டு, ஒரு கால் செய்து, எதிர்முனையில் குரல் கேட்ட பிறகு காசு கொடுங்கள்.

இரண்டாவது தடவை நிதானமாகப் போனேன். கடைப் பையன் நல்ல பையன்தான். ஒவ்வொரு போனாக எடுத்து வைத்து, "அண்ணா, இதுல யூடியூப் ஓடும்ணா, இதுல பாட்டு நல்லா கேக்கும்ணா" என்றான். "யூடியூப் வேண்டாம் தம்பி, 5-ஐ அமுக்கினா 5 விழணும். அது போதும்" என்றேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. இரண்டு ஈரக் கர்சீப்பும், டப்பாவில் கொஞ்சம் கிரீஸும் கையோடு கொண்டுபோயிருந்தேன். கட்டை விரலில் லேசாகத் தடவிக்கொண்டு, டெமோ போன்களில் பாராமல் என் நம்பரை அடித்துப் பார்த்தேன். சில மாடலில் பட்டன்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை, ஒரே பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. அதில் 5-க்குப் போன விரல் 8-இல் உட்கார்ந்தது. ஒவ்வொரு பட்டனும் தனித்தனி மேடாக இருந்து, நடுவில் 5-இன் மேல் சின்னப் புள்ளி முட்டிக்கொண்டு நின்ற மாடலில் பத்து இலக்கமும் தப்பாமல் விழுந்தது. அப்புறம் பையன் கேட்பதற்கு முன்பே டெமோ போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து டேக் ஓட்டை. கயிறு கோப்பதற்கு மூலையில் சின்னத் துளை இருக்கிறதா என்று பார்த்தேன். விலை கூடிய போன்களில் இந்தத் துளை எங்கே போனதென்றே தெரியவில்லை. போர் வாயில் நின்று வேலை செய்கிறவனுக்கு அதைவிடப் பெரிய வசதி கிடையாது. டார்ச்சுக்குத் தனிப் பட்டன் இருக்கிறதா, மெனுவுக்குள் போய்த்தான் போட வேண்டுமா என்றும் பார்த்தேன். மோட்டார் ரூமுக்குள் இருட்டில் ஒரு கையில் டெஸ்டர் இருக்கும்போது மெனுவுக்குள் போக முடியாது. டார்ச்சோடு வந்த நோக்கியா 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதைச் செய்தவர்களுக்கு எங்களைப் போன்ற ஆட்களைத் தெரிந்திருக்கிறது. நான் கடைசியில் எடுத்த 4ஜி போன் 1,650 ரூபாய். அதில் கேமராவும் இருந்தது. இன்றுவரை நான் அதைத் திறந்து பார்த்ததில்லை.

பில் போடும் முன் *#06# அடித்து, போனுக்குப் போன் மாறும் ஐஎம்இஐ அடையாள நம்பரைப் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப் பார்த்தேன். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422-க்கு மெசேஜ் அனுப்பினால் அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். புது போனுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. சந்தைக்கடையில் பழையது வாங்குகிறவர்கள் செய்யாமல் வாங்கக் கூடாது. பெட்டியில் ஒரு நம்பர், போனில் வேறு நம்பர் என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை நம்பர்களை மாற்றுவதில் போனது. முதலில் சிம்மில் ஏற்றினேன். அது தப்பான யோசனை. சிம்மில் பெயருக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. ஆங்கில எழுத்து என்றாலே பதினான்கு, பதினைந்து தாண்டாது. தமிழ் எழுத்துக்கு அதில் பாதிதான். அதிலும் நம் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். 'முருகேசன்' என்று ஏற்றியது 'முருகே' என்று நின்றது. 'கருப்பசாமி' 'கருப்ப' ஆனார். என் நம்பர் பட்டியலில் ஏழு 'கருப்ப' இருந்தார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பழைய போனின் தொடர்புகளை ஒரே விசிஎஃப் ஃபைலாக்கி, புளூடூத் வழியாகப் புது போனின் உள் மெமரிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

வந்த பெயர்களையும் அப்படியே விடவில்லை. எனக்குப் பெயரைவிட ஊரும் மோட்டாரும்தான் முக்கியம். போன் அடிக்கும்போது திரையில் தெரியும் ஒரே வரியில் வேலைக் குறிப்பே இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். 'கேத்தனூர் 7.5 10ஸ்' என்றால் கேத்தனூர்த் தோட்டம், ஏழரை ஹெச்பி, பத்து ஸ்டேஜ், அதாவது பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் அடுக்கு பத்து. கடைசியில் ஒரு 'கா' இருந்தால் நான் காயில் கட்டிய மோட்டார், அதாவது எரிந்தால் என் தலையில்தான் விடியும். ஊர் முதலில் வருவதால் ஒரே ஊர்க்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு ஊருக்குப் போகும் நாளில் அங்கே வேறு யாருக்குப் பாக்கி இருக்கிறது என்று உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம். டச் போன் இருந்தபோது இதை நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அந்த நோட்டு எப்போதும் வீட்டில்தான் இருக்கும்.

தமிழில் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் விற்கும் போன்களில் நம் மொழிகளைப் படிக்கும் வசதியும், ஆங்கிலம், இந்தி தவிர இன்னொரு இந்திய மொழியிலாவது அடிக்கும் வசதியும் இருக்க வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. அந்த 'இன்னொரு மொழி' தமிழாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆகவே கடையிலேயே ஒரு மெசேஜைத் திறந்து 'அ' அடித்துப் பாருங்கள். எந்தப் பட்டனில் எந்த எழுத்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். நான் அனுப்பும் மெசேஜ் எல்லாம் 'நாளை காலை வரேன், லைன் ஆஃப் பண்ணி வைங்க' அளவுதான் என்பதால் இடிக்கவில்லை.

இந்தப் போனால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் நான் எதிர்பாராத இடத்தில் இருந்தது. மொபைல் ஸ்டார்ட்டர். தோட்டங்களில் இப்போது பாதிப் பேர் பேனல் போர்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு சிம் இருக்கும். வீட்டில் இருந்தே அந்த நம்பருக்குக் கால் செய்தால் அதுவே எடுக்கும். ஒரு இலக்கத்தை அமுக்கினால் மோட்டார் ஓடும், இன்னொன்றை அமுக்கினால் நிற்கும். மாடலுக்கு மாடல் எண் மாறும், நான் அதிகம் மாட்டும் பெட்டியில் 1 ஓட, 3 நிற்க. த்ரீ பேஸ் கரண்டு ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் கட்டிலை விட்டு இறங்க வேண்டியதில்லை.

டச் போனில் இதைச் செய்வது ஒரு தொல்லை. காதில் வைத்ததும் திரை அணைந்துவிடும். எடுத்தால் திரும்ப வரும், கீபேட் படத்தைத் தட்டித் திறக்க வேண்டும், அதற்குள் பெட்டி காத்திருந்து லைனை வெட்டிவிடும். பட்டன் போனில் பட்டன் எப்போதும் கைக்கு அடியில். காதில் வைத்தபடியே 1-ஐ அமுக்கிவிடலாம். ஆனால் என் புது போனில் முதல் நாள் 1-ஐ எத்தனை தடவை அமுக்கியும் பெட்டி கேட்கவில்லை. பெட்டிதான் போய்விட்டது என்று மூடியைக் கழற்றிவிட்டேன். தோட்டக்காரர் தன் போனில் இருந்து செய்தார், மோட்டார் சட்டென்று ஓடியது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பிறகு கால் ஓடும்போதே ஆப்ஷனை அமுக்கிப் பார்த்தால் உள்ளே டிடிஎம்எஃப் என்று ஒரு வரி, அது ஆஃபில் இருந்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு சுரம் சேர்ந்த ஒரு ஒலி உண்டு. 1 என்றால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து போகும். அந்த ஒலியைக் கேட்டுத்தான் பெட்டி எந்த இலக்கம் என்று கண்டுபிடிக்கிறது. அதை ஆஃப் செய்துவைத்தால் நாம் அமுக்குவது நம் போனுக்கு மட்டும்தான் தெரியும். வங்கி, கேஸ் புக்கிங் என்று 'ஒன்றை அழுத்தவும்' சொல்லும் எல்லா இடத்துக்கும் இதே கதைதான்.

நான் அவசரப்பட்டு வாங்கிய அந்த 2ஜி போனும் இங்கேதான் உபயோகப்பட்டது. பழைய ஸ்டார்ட்டர் பெட்டிகளில் சிம்மை வைத்து நெட்வொர்க்கோடு பேசும் மோடம் 2ஜிதான். எங்களிடம் வருகிற புகாரில் பாதி, "சிம் புதுசா மாத்தினேன், அதுல இருந்து பெட்டி எடுக்க மாட்டேங்குது" என்பதுதான். சிம்மைக் கழற்றி அந்த 950 ரூபாய் போனில் போடுவேன். கோடு வந்தால் பெட்டியில் கோளாறு, வரவில்லை என்றால் சிம் அந்த இடத்தில் 2ஜிக்கு ஒத்துவராது. பெட்டியைக் கழற்றாமலே ஒரு நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். இப்போது அது டூல் பாக்ஸில் டெஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017 முதல் இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அமுக்கிப் பிடித்தால் அவசர எண் 112-க்குக் கால் போகும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். பெண்களின் பாதுகாப்புக்காகக் கொண்டுவந்தது, நல்ல விசயம். எனக்கு அது தெரியாது. கீபேட் லாக் போடாமல் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து கேபிள் ஜாயின்ட் போட்டுக்கொண்டிருந்தேன். பாக்கெட்டுக்குள் இருந்து ஒரு குரல், என்ன அவசரம் என்று கேட்கிறது. எடுத்து, "தெரியாம அமுங்கிடுச்சுங்க, மன்னிச்சுக்கங்க" என்றேன். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், நிஜமாகவே ஒன்றும் பிரச்சினை இல்லையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். அன்றைக்கே ஆட்டோ கீபேட் லாக்கை 15 நொடிக்கு வைத்தேன். போனும் கழுத்துக் கயிறோடு சட்டைப் பைக்கு இடம் மாறியது.

நான்காவது மாதம் 5-உம் 8-உம் தகராறு செய்ய ஆரம்பித்தன. ஒரு அமுக்கில் விழாது, இரண்டாவது அமுக்கில் இரண்டு 8 விழும். மோட்டாரையே பிரிக்கிறவன் போனைப் பிரிக்க மாட்டேனா என்று உட்கார்ந்தேன். பேட்டரியை எடுத்தால் நான்கு ஸ்க்ரூ, அதில் ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில். விளிம்பில் பழைய ஏடிஎம் கார்டை விட்டு நெம்பினால் லாக்குகள் ஒவ்வொன்றாக விடும். மேலே ரப்பர் கீபேட், அதற்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட். அந்த ஷீட்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் கவிழ்த்து ஒட்டியிருக்கும். கடையில் இதை டோம் ஷீட் என்பார்கள். போர்டில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கீழே ஒரு வளையமும் நடுவில் ஒரு பொட்டும் தங்க நிறத்தில் இருக்கும். நாம் அமுக்கினால் கிண்ணம் உள்வாங்கி வளையத்தையும் பொட்டையும் தொட்டு இணைக்கும், 'டிக்' என்று கேட்பது அந்தக் கிண்ணம் மடங்கும் சத்தம். பேனல் போர்டில் மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்து வெட்டும் காண்டாக்டர் செய்கிற அதே வேலை, மிளகு அளவில்.

5-இன் கிண்ணத்துக்கு அடியில் எண்ணெய்ப் பசை ஏறி, அதில் தூசி படிந்து, கறுத்த மோதிரம் மாதிரி ஆகியிருந்தது. காண்டாக்டர் பாயின்ட் கறுத்தால் சுத்தம் செய்வதுதானே? எழுந்து போய் வார்னிஷ் தின்னரை எடுத்துவந்தேன். காதுக் குச்சியில் நனைத்துத் துடைத்தேன், போர்டு பளிச்சென்று ஆனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மேல் மூடியிலும் அழுக்கு இருக்கிறதே என்று அதே குச்சியால் டிஸ்ப்ளேக்கு மேலிருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியை ஒரு இழுப்பு இழுத்தேன். கண் முன்னால் அது மார்கழிக் காலைப் பனி மாதிரி வெளுத்தது. தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று தினமும் வார்னிஷில் கை வைக்கிறவனுக்குத் தெரியாதா என்ன. தெரியும். ஆனாலும் செய்தேன்.

மொபைல் ரிப்பேர் செய்கிற நண்பரிடம் கொண்டுபோனபோது அவர் ஐபிஏ பாட்டிலைக் காட்டினார். ஐசோபுரொபைல் ஆல்கஹால். போர்டைச் சுத்தம் செய்ய அதுதான், தின்னரும் பெட்ரோலும் கிட்டேயே வரக் கூடாது என்றார். மென்மையான பல் துலக்கும் பிரஷில் நனைத்துத் தேய்த்தார். தங்கப் பொட்டில் இன்னும் கறை இருந்த இடத்தில் பென்சில் அழிப்பானின் முனையை வெட்டி வைத்து லேசாகச் சுழற்றினார். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய் ஒரு மாதத்தில் பச்சை பிடித்துவிடுமாம். எங்கள் காண்டாக்டர் பாயின்டுக்கு நாங்கள் உப்புத்தாள்தான் போடுவோம் என்றேன். "அது ரூபாய்க் கனம் அண்ணா, இது மூச்சுக் கனம்" என்றார். பழைய டோம் ஷீட்டின் ஒட்டு எண்ணெயில் ஊறிப்போயிருந்ததால் புது ஷீட் ஒட்டினோம், 30 ரூபாய். கண்ணாடிக்குப் பதில் வேறொரு செத்த போனில் இருந்து மூடி கிடைத்தது. அது சிவப்பு, என் போன் நீலம்.

இனி எண்ணெய் உள்ளே போகக் கூடாது என்று கீபேட் மேல் ஒரு ஏற்பாடு செய்தேன். கடைக் கவர்கள் இரண்டு வாரத்தில் கிழிந்தன. கடைசியில் சமையலறைக்கு வரும் மெல்லிய ஒட்டுப் படலத்தை இரண்டு சுற்று சுற்றி, பின்பக்கம் டேப் ஒட்டினேன். அழகு சுத்தமாக இல்லை. பட்டனின் மேடு கைக்குத் தெரிகிறது, எண்ணெய் உள்ளே போகவில்லை. மாதம் ஒரு தடவை மாற்றுவேன்.

குரல் குறைவது வேறு வியாதி. ஒரு கட்டத்தில் எதிர்முனை பேசுவது கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டது. ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காது வைக்கும் சல்லடையில் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி இரும்புத் தூள். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது, நான் கிரைண்டர் போடும் இடத்தில் போனை மேசைமேல் வைக்கிறேன், பிறகென்ன. பிரஷால் தேய்த்தால் உள்ளேதான் போகும். ஊசியால் குத்தினால் அதன் கீழே இருக்கும் சவ்வு கிழியும். உடைந்த பெரிய ஸ்பீக்கரின் காந்தத்தை ஒரு பாலித்தீன் பையில் சுற்றிச் சல்லடைக்கு நேராகப் பிடித்தேன், தூள் பாதி அதற்குத் தாவியது. மிச்சத்தை செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன். இப்போது சல்லடைமேல் காயத்துக்குப் போடும் வெள்ளைக் காகித டேப் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன். சத்தம் ஒரு மாற்று குறைகிறது. வால்யூமை ஒரு கோடு ஏற்றினால் சரி.

பேட்டரியைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 2ஜி போனை வாரக்கணக்கில் சார்ஜ் போடாமல் வைத்திருந்த ஞாபகத்தில் 4ஜி பட்டன் போனை வாங்கினால் ஏமாற்றம்தான். என் ஓட்டத்துக்கு மூன்று நாள் நிற்கிறது. டவர் எட்டாத தோட்டத்தில் முழு நாள் நின்றால் அன்று மாலையே பாதி காலி, சிக்னலைத் தேடித் தேடியே தீர்த்துவிடும். மூடியைக் கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி என்பதால் உபரியாக ஒன்று பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். வாங்கும்போது பிஎல்-5சி அளவு பேட்டரி போடும் மாடலாகப் பார்த்து எடுத்தது இதற்காகத்தான், எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். கிடைப்பதெல்லாம் நல்லது என்று அர்த்தமில்லை. முழு சார்ஜில் மீட்டர் வைத்தால் 4.2 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். என்னிடம் வந்த ஒரு போலி, போனில் முழுக் கோடு காட்டிவிட்டு ஒரு காலிலேயே செத்தது. மாதம் ஒரு தடவை பேட்டரியைக் கண்ணாடிமேல் வைத்துச் சுண்டிப் பார்ப்பேன். தட்டையாக இருந்தால் உரசி நிற்கும். பம்பரம் போலச் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது, அதைக் குத்தாமல் வளைக்காமல் எடுத்துவைத்துவிட வேண்டும். 2007-இல் நோக்கியா 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகளை மாற்றித் தருவதாக அறிவித்தபோது ஆளாளுக்கு மூடியைக் கழற்றிப் பின்பக்க நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பழக்கம் அப்படியே இருந்திருக்கலாம்.

காசு வாங்குவதில்தான் பட்டன் போன் கொஞ்சம் கையைக் கட்டுகிறது. நெட் இல்லாமல் காசு அனுப்ப *99# என்று ஒரு வழி உண்டு, 5,000 வரை போகும். ஜியோ அல்லாத ஒரு சிம்மில் அடித்துப் பார்த்தேன். நம்பர் அடித்து, தொகை அடித்து, ரகசிய பின் நம்பர் அடிப்பதற்குள் பாதி நேரம் லைன் முடிந்துவிடுகிறது. நான் அதை விட்டுவிட்டேன். வீட்டுக்காரி கணக்கின் க்யூஆர் அட்டையை லேமினேட் செய்து டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். தோட்டக்காரர் தட்டிவிட்டால் அவள் அங்கிருந்து கூப்பிட்டு, "ஏனுங், மூவாயிரத்தி ஐநூறு வந்துருச்சுங்" என்பாள். எரிந்த காயில் போட்டோ, ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாட்ஸ்அப் எல்லாம் அவள் போனில் வேறு நம்பரில் ஓடுகிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு பத்து நிமிடம் பார்த்துப் பதில் போடுவேன். முன்னால் பகல் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீசார்ஜும் இப்போது டேட்டா இல்லாத பேக். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள பேக் எல்லாக் கம்பெனியிலும் வந்துவிட்டது. கடையில் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாக எடுத்துக் காட்ட மாட்டார்கள்.

போன் வாங்கி ஒரு வருசமும் இரண்டு மாதமும் ஆகிறது. கழுத்துக் கயிறு மூன்றாவது, மோட்டார் கேபிள் கட்டும் நைலான் நூலில் நானே பின்னியது. போர் வாயில் ஒரே ஒரு தடவை கை தவறியது, ஒரு சாண் கீழே தொங்கி ஆடிவிட்டு மேலே வந்தது. சிவப்பு மூடி வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது. போன வாரத்தில் இருந்து 8 மறுபடியும் இரண்டு தடவை விழுகிறது. டோம் ஷீட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஐபிஏ பாட்டிலும் சொந்தமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரும் மோட்டார் எரிந்துவிட்டது என்று கூப்பிடாமல் இருந்தால் திறக்க வேண்டும்.